படகுக்குக் கை ஜிபிஎஸ் வாங்குவது: இரண்டு முறை வாங்கியவன் சொல்வது

என் முதல் ஜிபிஎஸ் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்குத் தெற்கே ஏழு பாகத் தண்ணீரில் கிடக்கிறது (ஒரு பாகம் என்பது சுமார் ஆறடி). வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. விடிகாலையில் வலை இழுக்கக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து நழுவி, படகு விளிம்பில் ஒரு தட்டு தட்டி உள்ளே போய்விட்டது. பணம் போனதைவிட, அதற்குள் சேமித்து வைத்திருந்த அறுபத்துச் சொச்சம் இடக்குறிகள் போனதுதான் வலித்தது. என் தாய்மாமா கரையில் இருக்கும் கோபுரத்தையும் பனையையும் நேர்பிடித்து நாற்பது வருஷமாகப் பழகிய பார்கள், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டுகள், அவை. ஒவ்வொன்றின் மேலும் படகை நிறுத்தி நான்தான் பதிந்தேன். தாளில் எழுதி வைக்கவில்லை. கரைக்கு வந்ததும் மாமா கேட்டது ஒன்றுதான்: “ஏன் மாப்ள, அது மிதக்காதா?”

மிதக்கிற ஜிபிஎஸ் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஃபைபர் படகோ நாட்டுப்படகோ வைத்துப் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களும் சின்னப் பாய்ப்படகு ஓட்டிப் பழகுகிறவர்களும் இரண்டாவது தடவை காசு கொடுக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. கை ஜிபிஎஸ்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

வீல்ஹவுஸ் (சுக்கான் அறை) உள்ள விசைப்படகு என்றால் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரோடு சேர்ந்து வரும் பெரிய திரைக் கருவிதான் சரி. அதற்கு 12 வோல்ட் பேட்டரி, ஆன்டெனா, மழை படாத இடம் எல்லாம் வேண்டும். திறந்த ஃபைபர் படகில் இவற்றுக்கு இடமில்லை. அங்கே கை ஜிபிஎஸ்தான்.

“போன் இருக்கிறதே” என்பார்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் போன் செயற்கைக்கோளைப் பிடித்து இடத்தைக் காட்டும், அது உண்மைதான். ஆனால் உப்புத்தண்ணீர் சொட்டும் விரலுக்குத் தொடுதிரை கேட்காது. உச்சி வெயிலில் திரையில் தெரிவது உங்கள் முகம்தான். மத்தியானத்துக்குள் சார்ஜும் முடிந்துவிடும். போனை நெகிழிப் பையில் போட்டு இரண்டாவது துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். ஜிபிஎஸ் உங்கள் இடத்தை உங்களுக்கு மட்டும்தான் சொல்லும், கரைக்குச் சொல்லாது. ஆபத்தில் கரையைக் கூப்பிட விஎச்எஃப் வானொலியின் 16ஆம் சேனல், அரசு தரும், கரைக்குத் தகவல் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் போன்றவை வேறு. கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீஸின் எண் 1093. இரண்டையும் படகின் உள்பக்கத்தில் பெயின்டால் எழுதி வையுங்கள்.

2. கருவியில் என்ன பார்க்க வேண்டும்

மிதக்க வேண்டும். இதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். பெட்டியில் ‘ஐபிஎக்ஸ்7’ என்று போட்டிருப்பதைக் காட்டி “வாட்டர் ப்ரூஃப் சார்” என்பார் கடைக்காரர். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்பதுதான் அதன் அர்த்தம். மூழ்காது என்று அர்த்தமில்லை. என்னுடையதிலும் ஐபிஎக்ஸ்7 போட்டிருந்தது, நனையாமல் பத்திரமாக மூழ்கியது. காட்டுக்கும் மலைக்கும் என்று செய்த சின்ன மாடல்கள் பெரும்பாலும் மூழ்குகிறவைதான். கார்மின் நிறுவனத்தின் மாடல்களில் ஜிபிஎஸ் 73, ஜிபிஎஸ்மேப் 78, 79எஸ், 86எஸ் ஆகியவை மிதக்கும். எதை வாங்கினாலும் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பேட்டரியும், நீங்கள் கட்டப்போகும் கயிறும் கொக்கியும் சேர்ந்தே இருக்கட்டும். கனமான இரும்புக் கொக்கி மாட்டினால் மிதக்கிற கருவியும் இறங்கிவிடும்.

பொத்தான் வேண்டும், தொடுதிரை வேண்டாம். கையுறையோடும் செதில் ஒட்டிய விரலோடும் அமுக்க வேண்டியிருக்கும்.

பேட்டரி விஷயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்த மாடல்கள் அதிக நேரம் ஓடும். ஆனால் தீர்ந்துவிட்டால் நடுக்கடலில் என்ன செய்வது? இரண்டு டபுள் ஏ பென்சில் பேட்டரி போடும் மாடல் என்றால் தீர்ந்ததும் மாற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம். பெட்டிக்கடையிலும் கிடைக்கும். என் ஓட்டு பென்சில் பேட்டரிக்குத்தான். பெட்டியில் பதினெட்டு இருபது மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். இரவில் திரை விளக்கைக் கூட்டி வைத்தால் அது வெகுவாகக் குறையும்.

உள்ளே திசைகாட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். மாடல் பெயரில் ‘எஸ்’ என்று முடிந்தால் பெரும்பாலும் இருக்கும். இல்லாத கருவி படகு நகரும்போதுதான் திசை காட்டும். எஞ்சினை நிறுத்தி மிதந்துகொண்டு இருக்கும்போது அம்புக்குறி பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றும். இருந்தாலும் பழைய காந்தத் திசைகாட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்குப் பேட்டரி வேண்டாம்.

வண்ண வரைபடத்தைக் காட்டி மயக்குவார்கள். கருவியோடு வரும் வரைபடத்தில் கரைக்கோடு இருக்கும். நம் பார் எங்கே, ஆழம் எத்தனை என்பது இருக்காது. விரிவான கடல் வரைபடத்துக்குத் தனியாகக் காசு. கரையோரத் தொழிலுக்கு அது இல்லாமலே நான் சமாளிக்கிறேன்.

3. எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடக் கூடாதது

வளைகுடாவிலிருந்து லீவில் வந்த நண்பர் ஒருவர் புத்தம் புதுக் கருவி ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். அதிலிருந்தே செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பலாமாம். கடலுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று துள்ளினேன். நல்லவேளை, விசாரித்தேன். இரிடியம், துராயா போன்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளைத் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். கார்மினின் ‘இன்ரீச்’ என்ற செயற்கைக்கோள் மெசேஜ் வசதி உள்ள மாடல்களும் இதில்தான் சேரும். பெயரின் கடைசியில் ‘ஐ’ வருகிறதா என்று பாருங்கள். 86எஸ் சரி, 86ஐ கூடாது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எல்லையை ஒட்டி ரோந்து நடக்கும் நம் கடலில் இதோடு மாட்டினால் ‘தெரியாமல் வாங்கினேன்’ என்ற பேச்சு எடுபடாது.

வாக்கி டாக்கியும் சேர்ந்த ஜிபிஎஸ் என்றால் வானொலி உரிமம் பற்றிக் கேட்காமல் வாங்காதீர்கள். சிக்னலை வாங்க மட்டும் செய்யும் சாதாரண ஜிபிஎஸ்ஸுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

4. எங்கே, எப்போது, எவ்வளவு

துறைமுக ஊர்களில் எக்கோ சவுண்டர், விஎச்எஃப் விற்கும் கடைகளில் வாங்குவது நல்லது. ஆன்லைனில் ஆயிரம் இரண்டாயிரம் குறையலாம். நான் முதலில் அப்படித்தான் வாங்கினேன். திரையில் கோடு விழுந்தபோது, ‘இது வெளிநாட்டுச் சரக்கு, இங்கே வாரண்டி இல்லை’ என்று விற்றவரே கைவிரித்துவிட்டார். கடைக்குப் போகும்போது முன்பே கருவி வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதன் கடைசி இரண்டு வாரம் கடைப்பக்கம் தலைவைக்காதீர்கள். எல்லாப் படகுக்காரர்களும் அங்கேதான் நிற்பார்கள். உங்களுக்குச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் நல்ல சமயம்.

நான் வாங்கியபோது மிதக்கும் மாடல் இருபத்தைந்தாயிரத்தை ஒட்டி வந்தது. மூழ்கிய சின்ன மாடல் அதில் பாதிதான். அப்புறம் சார்ஜ் ஏற்றும் பேட்டரி நான்கும் சார்ஜரும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம், தண்ணீர் புகாத பை சில நூறு ரூபாய். இதையும் பட்ஜெட்டில் போடுங்கள்.

வாங்கும் முன் உங்கள் பகுதி மீன்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பாதுகாப்பு, தொடர்புக் கருவிகளுக்கு மானியத் திட்டம் திறந்திருக்கலாம். பிரதமரின் மத்ஸ்ய சம்பத யோஜனாவில் பயனாளிக்கான மானியம் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம். எந்தக் கருவிக்குப் பொருந்தும், அந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்பதை அங்கேதான் சொல்வார்கள். படகுப் பதிவுச் சான்று, மீனவர் அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் இரண்டு நகல் கையில் இருக்கட்டும். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அலைய வேண்டிவரும். முதலில் வாங்கிவிட்டு பில்லைக் கொண்டுபோய் மானியம் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள்.

பில்லில் மாடல் பெயரும் கருவியின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். ‘ஜிபிஎஸ் – 1’ என்று மட்டும் எழுதிய பில் வாரண்டிக்கும் உதவாது, திருட்டுப் புகாருக்கும் உதவாது.

5. கடை வாசலிலேயே செய்ய வேண்டியது

கூரைக்குக் கீழே ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திறந்த வானத்துக்குக் கீழே கொண்டுவந்து போடச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து வந்த புதுக் கருவி முதல் தடவை இடம் பிடிக்கச் சில நிமிடம் எடுக்கும், பதறவேண்டாம். பிடித்ததும் அது காட்டும் எண்ணை உங்கள் போன் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பேட்டரி மூடியைக் கழற்றி, ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சார்ஜர் துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக உட்கார வேண்டும்.

6. மூன்று செட்டிங்

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நானும்தான்.

முதலாவது, எண்ணை எழுதும் முறை. ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம்: டிகிரியை மட்டும் தசமத்தில், டிகிரியும் தசம நிமிடமும், டிகிரி நிமிடம் வினாடி. நம் கரையில் பெரும்பாலும் நடுவில் உள்ளதைத்தான் பேசுகிறார்கள். உங்கள் படகுத்துறையில் எல்லோரும் எதில் வைத்திருக்கிறார்களோ அதில் வையுங்கள்.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம், மீன் எங்கே கூடும் என்று தரும் மீன்வள இட அறிவிப்பில் எண்கள் டிகிரி நிமிடம் வினாடியிலும் தூரம் கிலோமீட்டரிலும் வரும். அதை அப்படியே கருவியில் தட்டக் கூடாது. வினாடியை 60ஆல் வகுத்து நிமிடத்தோடு சேர்க்க வேண்டும். 25 நிமிடம் 30 வினாடி என்றால் 25.500. அதை 25.300 என்று போட்டால் 0.2 நிமிடம் தவறு. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது 1852 மீட்டர். ஆக, 370 மீட்டர் தள்ளி வலை விழும்.

இரண்டாவது, தூர அளவு நாட்டிக்கல் மைல், வேகம் நாட்ஸ் (மணிக்கு இத்தனை நாட்டிக்கல் மைல்). பெட்டியிலிருந்து எடுத்ததும் கருவி தரை மைலிலோ கிலோமீட்டரிலோ இருக்கலாம்.

மூன்றாவது, எண்களைக் கணக்கிடும் வரைபட அடிப்படை (‘மேப் டேட்டம்’). அது ‘டபிள்யூஜிஎஸ் 84’ என்றே இருக்கட்டும். பட்டியலில் ‘இந்தியன்’ என்று தொடங்கும் பெயரைப் பார்த்து, நம் நாட்டுக்கானது என்று தேசபக்தியோடு மாற்றியவர் எங்கள் துறையில் இருக்கிறார். அவருடைய குறி எதுவும் மற்றவர் குறியோடு ஒத்துப்போகவில்லை. காரணம் தெரிய ஒரு சீசன் ஆனது.

7. எல்லை அலாரம்: புள்ளி வைத்தால் போதாது

பாக் நீரிணையில் தொழில் செய்பவர்களுக்கு இதுதான் முக்கியம்: இலங்கைக் கடல் எல்லையை நெருங்கினால் கருவி பீப் என்று கத்த வேண்டும். இந்தியா–இலங்கை 1974 ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியின் எல்லை ஆறு புள்ளிகளால் சொல்லப்படுகிறது. மன்னார் வளைகுடாவுக்கு 1976 ஒப்பந்தம். முழுப் பட்டியலை மீன்துறை அலுவலகத்தில் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸாப்பில் வந்ததை நம்பவேண்டாம். உதாரணத்துக்கு இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்வோம்.

மூன்றாவது புள்ளி: வடக்கு 9° 40.15', கிழக்கு 79° 22.60'
நான்காவது புள்ளி: வடக்கு 9° 21.80', கிழக்கு 79° 30.70'

கருவி வினாடி முறையில் இருக்கும்போது 21.80ஐ ‘21 நிமிடம் 80 வினாடி’ என்று போட்டால் ஏற்காது, 80 வினாடி என்று ஒன்று கிடையாதே. அங்கேயே தப்பு தெரிந்துவிடும். ஆனால் 40.15ஐ ‘40 நிமிடம் 15 வினாடி’ என்று போட்டால் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். உங்கள் எல்லைப்புள்ளி 185 மீட்டர் வடக்கே நகர்ந்திருக்கும். மாட்டிக்கொடுக்காத இந்த மாதிரித் தப்புதான் ஆபத்து.

அடுத்த பொறி இதைவிடப் பெரியது. இந்த இரண்டு புள்ளிக்கும் இடையே தூரம் சுமார் 20 நாட்டிக்கல் மைல். புள்ளியைச் சுற்றி 2 மைலுக்கு அலாரம் வைத்தீர்கள் என்றால் நடுவில் 16 மைல் திறந்துகிடக்கிறது. அதன் வழியாக ஒரு பீப் சத்தமும் இல்லாமல் அந்தப் பக்கம் போகலாம். அலாரம் வைத்திருக்கிறோம் என்ற தைரியத்தில் தூங்கவும் செய்யலாம்.

ஆகவே இடையில் புள்ளிகள் போட வேண்டும். கணக்கு எளிது. அட்சரேகை வித்தியாசம் 18.35 நிமிடம், தீர்க்கரேகை வித்தியாசம் 8.10 நிமிடம். இரண்டையும் பத்தால் வகுத்தால் 1.835, 0.81. மூன்றாவது புள்ளியிலிருந்து ஒவ்வொரு தடவையும் அட்சரேகையில் 1.835 கழித்து, தீர்க்கரேகையில் 0.81 கூட்டிக்கொண்டே வாருங்கள். முதல் இடைப்புள்ளி வடக்கு 9° 38.315', கிழக்கு 79° 23.410'. அடுத்தது 9° 36.480', 79° 24.220'. இப்படி ஒன்பது புள்ளி. ஒவ்வொன்றுக்கும் 2 நாட்டிக்கல் மைல் அலாரம் வைத்தால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வேலிபோல் நிற்கும். சில பழைய மாடல்களில் அலாரம் வைக்கும் புள்ளிகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, வாங்கும்போதே கேளுங்கள். எல்லாப் புள்ளியையும் ஒரு ‘ரூட்’ ஆகச் சேர்த்து வைத்தால் திரையில் கோடாகவும் தெரியும்.

6 நாட்ஸ் வேகத்தில் 2 மைல் என்பது 20 நிமிடம். எஞ்சின் நின்று நீவாடு (நீரோட்டம்) இழுத்துக்கொண்டு போகும்போது அந்த நேரத்துக்குள் எஞ்சின் கிளம்புமா என்று யோசித்து, வேண்டுமானால் 3 மைலாக வையுங்கள். எஞ்சின் சத்தத்தில் பீப் காதில் விழுகிறதா என்பதைக் கரைக்குப் பக்கத்தில் ஒரு பொய்ப்புள்ளி வைத்துச் சோதித்துவிடுங்கள். என்னுடையது கேட்கவில்லை. அதனால் அதை உட்காரும் பலகைக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி கட்டியிருக்கிறேன்.

8. போய் வரும் வழி

ஒரு குறிக்குப் போக ‘கோ டு’ அமுக்கினால் கருவி நேர்கோடு போடும். நடுவில் தீவு இருக்கிறதா, பார் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாரும் இருக்கும்போது அந்தக் கோட்டை நம்பிப் போனால் படகின் அடி கிழியும். நுழையவும் அனுமதி இல்லை, அபராதம் தனி. திரும்பும்போது, வந்த தடத்திலேயே கூட்டிப்போகும் வசதியைப் பயன்படுத்துங்கள். அதற்குக் கிளம்பும்போதே தடப்பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆள் தண்ணீரில் விழுந்தால் அந்த இடத்தைப் பதிய அமுக்கும் ‘எம்ஓபி’ வசதி எங்கே இருக்கிறது என்பதைப் படகில் ஏறும் எல்லோருக்கும் காட்டுங்கள். சில மாடலில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், சிலவற்றில் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். விழுகிற ஆள் நீங்களாகவும் இருக்கலாம்.

பார்க் குறிகளுக்கு ‘001’, ‘002’ என்று கருவி தரும் பெயரை விட்டுவிடாதீர்கள், ஆறு மாதத்தில் எது எது என்று மறந்துவிடும். கரை வந்ததும் அன்றைய குறிகளை நோட்டில் எழுதுங்கள்: பெயர், எண், எத்தனை பாகம், என்ன மீன். மாதம் ஒருமுறை கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள்.

9. உப்பும் பேட்டரியும்

கரை வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்திய பிறகே பேட்டரி மூடியைத் திறக்கவும். சார்ஜ் ஏற்றும் பேட்டரி போட்டால் மெனுவில் பேட்டரி வகையை மாற்றுங்கள், இல்லையென்றால் அளவு தப்பாகக் காட்டும். பழையதும் புதியதும் கலந்து போடாதீர்கள். தொழிலுக்குப் போகாத நாட்களில் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். கடிகாரத்துக்குப் போடும் மலிவுப் பேட்டரி இரண்டு மாதத்தில் கசிந்து உள்ளிருக்கும் ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

மாமாவின் அறுபது குறிகளில் இதுவரை முப்பத்தேழை மறுபடி பிடித்திருக்கிறோம். மாமா அணியத்தில் (படகின் முன்பக்கம்) நின்று கோபுரத்தையும் பனையையும் பார்த்து “இன்னும் கொஞ்சம்… நிப்பாட்டு மாப்ள” என்பார். நான் கருவியில் ஒரு தடவை, நோட்டில் ஒரு தடவை எழுதிக்கொள்வேன். நான்கைந்து இடத்தில் பனை வெட்டப்பட்டுவிட்டது. அந்தப் பார்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.